ரெண்டு செங்கல் உயரம்

தம்பி, தப்பா எடுத்துக்காதிய. செத்த நிமிந்து உக்காருங்க. இல்ல, பின்னால சாயச் சொல்லல. சாயுறது வேற, நிமிருறது வேற. இடுப்ப மொதல்ல சீட்டுக்குள்ள தள்ளுங்க, பொறவு முதுகு தானா வரும். ஆங், அப்பிடித்தான். இப்பம் அந்தப் போன கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிங்க. கை வலிக்கா? வலிக்கட்டும், ரெண்டு நாள்ல பழகிரும்.

யாருடா இவன்னு பாக்கியளா? என் பேரு பேச்சிமுத்து. சங்கரன்கோவில்ல பரோட்டா மாஸ்டர். அதோட கராத்தேல மஞ்சள் பெல்ட்டு. சிரிக்காதிய. சரி சிரிங்க, எனக்கே சிரிப்பாத்தான் வருது, காலையில எந்திச்சதுல இருந்து வாய மூட முடியல. இன்னைக்குப் பங்குனி உத்திரம்லா, கடை லீவு, எங்க குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போறோம். அன்னா, பஸ்ஸுல முன்னால மூணாவது சீட்டு, ஜன்னலோரம், மஞ்சச் சேலை, அதுதான் எங்க வீட்டுல, பேரு இசக்கி. அவ மடியில ஒரு துணிப்பை இருக்கு பாருங்க, அதுக்குள்ளதான் பெல்ட்டு. தேங்கா, பழம், சூடம், பெல்ட்டு. சாஸ்தா காலுல வச்சு எடுக்கணும். வேண்டாம்னு சொன்னா. வண்டி வாங்குனா சாவிய வச்சு எடுக்கோம்லா, பெல்ட்டு மட்டும் என்ன கொறைஞ்சு போச்சுன்னு கேட்டேன். வாங்கி உள்ள வச்சுக்கிட்டா.

நேத்துக் காலையிலதான் கெடச்சுது. நாப்பத்தி நாலு வயசுல. நீங்க திருநெல்வேலிதானே எறங்குதிய? அப்பம் நேரம் கெடக்கு, சொல்லுதேன்.

என் உயரம் ஆறடிக்கு மேல ஒரு விரக்கடை. எங்க கடை அடுப்பு இருக்கே, அது பெரிய மொதலாளி, அதாவது இப்பம் இருக்க மொதலாளியோட அப்பா, தன் கையால செங்கல் அடுக்கி, தன் இடுப்பு உயரத்துக்குக் கட்டுனது. அவிய அஞ்சடிக்கே குதிகால ஏத்தணும். ஒரு தை வெள்ளிக்கிழம நல்ல நேரம் பாத்து, அடியில நவதானியம் போட்டு, மேல பரோட்டாக் கல்ல ஏத்துனாவளாம். அன்னையில இருந்து கடைக்கு ஏத்தந்தான். அதனால அந்த அடுப்ப யாரும் தொடக் கூடாது. ஒருக்கா கொத்தனாரு ஒருத்தரு விரிசல் விட்டிருக்கேன்னு ஓரத்துல சிமெண்டு பூசிட்டாரு. அந்த வாரமே ஃபிரிட்ஜு போச்சு, மொதலாளி மச்சினன் பைக்குல இருந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டாரு. மொதலாளி தன் கையாலயே கரண்டிய வச்சு அந்தப் பூச்சச் சுரண்டி எடுத்துட்டாவ. விரிசல் இன்னைக்கும் அப்பிடியே இருக்கு. கல்லுக்கு நேர் மேல பெரிய மொதலாளி படம், மாலை, செவப்பு பல்பு.

அந்தக் கல்லுல நான் பத்தொம்பது வருசம். மாவு பெசையிறது குனிஞ்சு, உருண்டை பிடிக்கிறது குனிஞ்சு, வீசுறது குனிஞ்சு, கல்லுல போட்டுத் திருப்புறது குனிஞ்சு. கடைசியில அஞ்சாறு பரோட்டாவ அடுக்கி வச்சு ரெண்டு கையாலயும் சேத்து அடிப்போம்லா, அதுவும் குனிஞ்சுதான். போன ஆனி மாசம் ஒரு நாள் மாவுச் சட்டியத் தூக்கக் குனிஞ்சவன், குனிஞ்சது குனிஞ்சபடியே நின்னுட்டேன். நிமிர வரல. ஆட்டோல ஏத்துனாவ. ஆட்டோக்காரன், அண்ணாச்சி தலையக் குனிஞ்சு ஏறுங்கங்கான். ஏற்கெனவே அவன் முட்டிக்குப் பக்கத்துலதான் என் தலையே இருக்கு, இன்னும் எங்க குனியுறது.

எலும்பு டாக்டரு படம் எடுத்துப் பாத்தாரு. முதுகெலும்புல நாலாவது கட்டைக்கும் அஞ்சாவது கட்டைக்கும் நடுவுல தேஞ்சு போச்சு, இன்னும் ஒரு வருசம் இப்பிடியே குனிஞ்சா தண்ணிக் கொடம் கூடத் தூக்க முடியாது, வேற வேல பாத்துக்கோன்னுட்டாரு. எனக்கு வேற என்ன வேல தெரியும் தம்பி? பதினாறு வயசுல இருந்து மாவுதான். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அந்த வேல பிடிக்கும். மாவ வீசி அது காத்துல விரியும்போது வயித்துக்குள்ள ஒரு குளுகுளுப்பு வரும், இன்னைக்கும் வரும். அத விட்டுரணுமேன்னு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அழுதுட்டேன். இசக்கி, எல்லாரும் பாக்காவ, எந்திரிங்கன்னா.

அன்னையில இருந்து தெனம் காலையில அவதான் எனக்குத் தைலம் தேய்ப்பா. அவ பீடி சுத்துதவ. ஏழு மணிக்குத் தட்ட மடியில வச்சுக் குனிஞ்சான்னா பொழுது சாயுற வரைக்கும் நிமிர மாட்டா. பொம்பளையளுக்கு முதுகு அப்பிடியே பழகிரும், நமக்குத்தான் தாங்காது. எனக்குத் தேய்ச்சு முடிச்சுட்டுச் செவுத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திப்பா. அது அவ வழக்கம்.

இப்பிடி இருக்கும்போதுதான் எப்சிபா மாஸ்டர் வந்தாவ. இருவத்தேழு வயசுப் பொண்ணுதான், பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். காலையில ஆறு மணிக்கு அதே பள்ளிக்கூட மைதானத்துல கராத்தே சொல்லிக் குடுக்காவ. எங்க கடையில வாரம் ரெண்டு நாள் பார்சல் வாங்குவாவ. ஒரு நாள் பார்சலுக்கு நிக்கும்போது என்னையே பாத்துக்கிட்டு இருந்தாவ. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, சட்டையில எதுவும் கிழிஞ்சிருக்கோன்னு தடவிப் பாத்தேன். கிட்ட வந்து, அண்ணாச்சி, உங்க குதிகால் தரையிலயே படல, மொத்த எடையும் இடுப்புல தொங்குது, நாளைக்கு மைதானத்துக்கு வாங்கன்னாவ. மறுநாள் போயிட்டேன். என்னையும் மாஸ்டர்ங்காவ, அவியளையும் மாஸ்டர்ங்காவ, ஏதாவது ஒரு புள்ள மாஸ்டர்னு கத்துனா ரெண்டு பேருமே திரும்புவோம்.

கிளாஸ்ல நாப்பது பேரு. எல்லாம் மூணாங்கிளாஸ், நாலாங்கிளாஸ். வெள்ளை உடுப்பு என் அளவுக்குக் கெடைக்கல. டெய்லரு தச்சுக் குடுத்தாரு, ஒரு தண்ணி போட்டதும் பேண்ட்டு கணுக்காலுக்குச் சாண் மேல ஏறிக்கிச்சு. எனக்குப் பின்னால நிக்கிற புள்ளையளுக்கு ஒண்ணும் தெரியலன்னு சண்ட. சரின்னு கடைசி வரிசைக்குப் போனேன். மொத நாளே ஓடு ஒடைக்கச் சொல்லுவாவன்னு நெனச்சு, வீட்டுல மிச்சம் கெடந்த ஓட்டுல ரெண்ட பையில போட்டுக் கொண்டு போயிருந்தேன். மாஸ்டர் அத வாங்கி கேட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டு, நில்லுங்கன்னாவ. அவ்வளவுதான். மூணு மாசம் நிக்க மட்டுந்தான் சொன்னாவ.

நிக்கிறது சும்மான்னு நெனைக்கிய. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். காலு ரெண்டும் தோளு அகலத்துக்கு மேல விரியணும். முட்டி மடங்கணும். குதிரை மேல உக்காந்த மாதிரி இடுப்பு கீழ எறங்கணும். ஆனா முதுகு மட்டும் கொத்தனாரு தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேரா நிக்கணும். தாடை உள்ள, கண்ணு நேரா, தோளு தளர்வா. ரெண்டு நிமிசத்துல தொடை ரெண்டும் கிடுகிடுன்னு ஆடும். ஒரு நாள் நாலாங்கிளாஸ் புள்ள ஒண்ணு பயங்கரமா சத்தம் போட்டுக் குத்துச்சு. காத்தே கிழியுது. மாஸ்டர் பையப் போயி ஒத்த விரலால அது தோளத் தொட்டாவ, பொத்துன்னு உக்காந்துட்டு. குத்து கையில இருந்து வரல, குதிகால்ல கெளம்பி முதுகு வழியா ஏறி வருது, முதுகு கோணுனா பாதி வழியிலயே சிந்திரும்னு எல்லாருக்கும் சொன்னாவ.

எனக்கு அப்பம் மேலெல்லாம் புல்லரிச்சுட்டு தம்பி. பரோட்டா வீசுறதும் அதே கததான்லா. இத்தன வருசமா தோளால வீசிக்கிட்டு இருந்திருக்கேன். வீட்டுக்கு ஓடி வந்து இசக்கிய பீடித் தட்ட விட்டு எழுப்பி நிப்பாட்டி, ஒரு துண்ட எடுத்து குதிகால்ல இருந்து வீசிக் காட்டுனேன். துண்டு போயி ஃபேன்ல சுத்திக்கிச்சு.

அன்னைக்கே ஒரு யோசனையும் வந்துச்சு. கல்லு தாழ்வா இருந்தா நான் எதுக்குக் குனியணும், நானே எறங்கிட்டாப் போச்சு. சாயங்காலம் கல்லுக்கு முன்னால குதிரை மாதிரி கால அகட்டி நின்னேன். முதுகு நேரா, கல்லு சரியா இடுப்புக்கு. என்ன சொகம். மூணு நாள் அப்பிடியே நின்னு போட்டேன். ரோட்டுல போறவன்லாம் நின்னு பாக்கான், காலேஜு பயலுவ படம் பிடிக்கான். நாலாவது நாள் சப்ளையரு சால்னா வாளியோட வந்து என் வலது காலுல தட்டி விழுந்தாரு. சால்னா ஒண்ணாம் நம்பர் டேபிள் வரைக்கும் போச்சு. மொதலாளி கல்லாவ விட்டு எந்திச்சு வந்தாவ. குடும்பத்தோட வந்து சாப்பிடுத எடத்துல இது என்னல நிப்பு, கால ஒடுக்கி ஒழுங்கா குனிஞ்சு வேலயப் பாருன்னாவ. சரி மொதலாளின்னுட்டேன்.

அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா, கல்ல கொஞ்சம் ஏத்தித் தாங்கன்னு? கேக்கலாம். எனக்கு அவியகிட்டப் பயம்லாம் கெடையாது. மரியாத. அது வேற, இது வேற. கேக்கணும்னுதான் கல்லாவுக்கு முன்னால போவேன். போனதும் முதுகு தானா வளையும், கை தானா கட்டிக்கிடும், வாய் மட்டும், மைதா கொறஞ்சிட்டு மொதலாளின்னு சொல்லிரும். உடனே போனப் போட்டு ரெண்டு மூட எறக்கச் சொல்லிருவாவ. இப்பிடி பதினோரு தடவ போயிருக்கேன். ஸ்டோர் ரூமு நெறஞ்சு, மாடிப்படியில அடுக்கி, கடைசியில கை கழுவுற எடத்துல கூட மைதாதான் நின்னுச்சு. அத்தனைக்கும் நாந்தான் காரணம்னு அவியளுக்கு இன்னும் தெரியாது. தெரிய வேண்டாம்.

தை மாசம் பெல்ட்டுப் பரீட்ச. மதுரையில இருந்து பெரிய மாஸ்டர் ஒருத்தர் வந்திருந்தாரு, நெத்தியில மூணு சுருக்கம், சிரிக்கவே மாட்டாரு. வந்தவங்களுக்கு டீயும் பன்னும் குடுக்க ஒரு கடைக்காரரு ஒத்துக்கிட்டாரு, அவருதான் சிறப்பு விருந்தினர்னு சொன்னாவ. யாருன்னு நானும் கேக்கல, அவியளும் சொல்லல. அன்னைக்குன்னு பாத்து என்ன முன்னால நிப்பாட்டிட்டாவ. பெரியாளு முன்னால நின்னா பாக்க நல்லா இருக்கும், புள்ளைக அண்ணாச்சியப் பாத்து அதே மாதிரி செய்யணும், ஒரு நிமிசம் கூடப் பிந்தக் கூடாதுன்னு மாஸ்டரே சொல்லிட்டாவ. கால அகட்டி எறங்கி நின்னேன். முதுகுன்னா முதுகு, அப்பிடி ஒரு நேரு. பெரிய மாஸ்டர் என்னப் பாத்து லேசாத் தலைய ஆட்டுன மாதிரி கூட இருந்துச்சு.

அப்பம் கேட்டத் தொறந்துக்கிட்டு எங்க மொதலாளி வாராவ. பட்டு வேட்டி, நெத்தியில சந்தனம்.

தம்பி, நீங்களே சொல்லுங்க. லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கும்போது ஒரு பெரிய மனுசன் எதுக்க வந்தா நாம என்ன செய்வோம்? நாம எங்க செய்யிறோம், கை தானா போயி மடிப்ப எறக்கி விட்டுரும்லா. அதுதான் நடந்துச்சு. என் ரெண்டு கையும் தொடைக்குப் போச்சு. அங்கன லுங்கியும் இல்ல, மடிப்பும் இல்ல, வெறும் பேண்ட்டு. கைக்கு அது தெரியுமா? இல்லாத லுங்கிய ஒரு ஒதறு ஒதறி எறக்கி விட்டுட்டு, முதுக வளைச்சு, வழி விட்டு ஒரு எட்டு ஒதுங்கியும் நின்னுட்டேன்.

பின்னால சரக்குன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாக்கேன். நாப்பது புள்ளையளும், பொம்பளப் புள்ளைக உட்பட, ஒண்ணு போல தொடையில கைய வச்சு, ஒதறி எறக்கி விட்டு, முதுக வளைச்சு, ஒரு எட்டு ஒதுங்கி நிக்கி. ஒரு புள்ள கூடப் பிந்தல. அப்பிடி ஒரு ஒழுங்க அந்த மைதானம் அதுக்கு முன்னால கண்டதே இல்ல.

மொதலாளிக்கு ஆனந்தம். அப்பிடியே நின்னு கை தட்டுதாவ. பொறவு மைக்கப் பிடிச்சு, கராத்தேன்னா அடிதடின்னு நெனச்சிருந்தேன், பெரியவங்களுக்கு இப்பிடி ஒரு மரியாதையச் சொல்லிக் குடுக்காவன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு பத்து நிமிசம் பேசுனாவ. மதுரை மாஸ்டர் எப்சிபா மாஸ்டரத் தனியாக் கூப்பிட்டு, இது எந்தப் பாடத்துல இருக்குன்னு கேட்டாராம். அவிய மொகம் செவந்து போச்சு. சிரிப்ப அடக்குதாவளா கோவத்த அடக்குதாவளான்னு எனக்கு வெளங்கல. புள்ளைக என்ன செய்யும், முன்னால நிக்கிறவனப் பாத்துச் செஞ்சுது. அதனால நாப்பது பேருக்கும் பெல்ட்டு. எனக்கு மட்டும் பன்னு.

அன்னைக்குப் பன்ன கையில வச்சுக்கிட்டு மைதானத்து ஓரமா உக்காந்திருந்தேன். வெக்கமும் அழுகையுமா வந்துச்சு. எப்சிபா மாஸ்டர் வந்து பக்கத்துல உக்காந்தாவ.

"அண்ணாச்சி, காலையில ஒரு மணி நேரம் நான் நிமித்துறேன். சாயங்காலம் ஏழு மணி நேரம் நீங்க போயி வளைச்சுட்டு வாறீங்க. இப்படியே போனா அந்த டாக்டர் சொன்னதுதான் நடக்கும். கல்ல ஏத்தச் சொல்லிக் கேளுங்க."

"கேக்குதேன் மாஸ்டர்."

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க. அதுக்கப்புறந்தான் உங்களுக்குப் பரீட்சை."

அங்கனயே அளந்தும் பாத்துட்டாவ. ஒரு பெஞ்ச இழுத்துப் போட்டு, எங்க கல்லு உயரத்துக்கு வச்சு, அதுக்கு மேல காம்பவுண்டு ஓரம் கெடந்த செங்கல ஒவ்வொண்ணா அடுக்கச் சொன்னாவ. நான் நிமிந்து நின்னு மாவு வீசுற மாதிரி செய்யணும். ஒரு செங்கலுக்கு முதுகு கொஞ்சம் வளைஞ்சுது. ரெண்டு வச்சதும் சரியா நின்னுச்சு. ரெண்டே ரெண்டு செங்கல் உயரம் தம்பி. அதுக்குத்தான் நான் பத்தொம்பது வருசம் வாயத் தொறக்காம இருந்திருக்கேன்.

வீட்டுல போயி யோசிச்சேன். சும்மா நின்னு கேட்டா முதுகு வளையுது. குதிரை மாதிரி எறங்கி நின்னு கேட்டா? அந்த நிப்புல இடுப்பும் முட்டியும் பூட்டிக்கிடும், வளையணும்னு நெனச்சாலும் வளையாது. ஒரு மாசம் பழகுனேன். இசக்கிதான் மொதலாளி. நாக்காலியில உக்காந்து என்ன மொறைக்கணும். அவ தட்டுல இருந்து கண்ண எடுக்காமலே மொறைச்சா. எறங்கி நின்னு, கல்ல ஏத்தித் தாங்கன்னு கேட்பேன். சரி ஏத்திக்கிடுங்கன்னுருவா. உடனே சரின்னு சொல்லக் கூடாது, ரெண்டு தடவ மறுத்துட்டுச் சொல்லுன்னு நான் சொன்னா, எனக்கு ஆயிரம் பீடி கெடக்கு, மறுக்க நேரமில்லன்னுட்டா.

மாசி கடைசியில ஒரு நாள், கிளாஸ் முடிச்ச கையோட, வெள்ளை உடுப்போட நேரா மொதலாளி வீட்டுக்குப் போயிட்டேன். முத்தத்துல பனியன் போட்டு, பிளாஸ்டிக் சேருல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாவ. அவிய மொகத்தப் பாத்தா கத முடிஞ்சுது, முதுகு போயிரும். அதனால பாக்கதுக்கு முன்னாலயே குதிச்சு எறங்கி நின்னேன். கை ரெண்டும் முஷ்டி மடக்கி இடுப்புல. பயம் போவ அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் குடுக்கணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காவ. ஒரு சத்தம் குடுத்தேன்.

பேப்பரு ஒரு பக்கம் போச்சு, கண்ணாடி ஒரு பக்கம் போச்சு. மொதலாளி சேருக்குப் பின்னால நிக்காவ. உள்ள இருந்து மொதலாளியம்மா தோசைக் கரண்டியோட ஓடி வாராவ.

"பேச்சி, எய்யா, எதுன்னாலும் பேசித் தீத்துக்கிடலாம்" ங்காவ மொதலாளி.

"ரெண்டு செங்கல் மொதலாளி" ன்னேன்.

"செங்கல் எதுக்குல?"

அவிய கொரல் நடுங்குச்சு, எதுக்குன்னு எனக்கு அப்பம் வெளங்கல. தலைக்கு மேல இருந்த காலண்டரப் பாத்துக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சேன். கல்லு உயரம், என் உயரம், நாலாவது கட்டை, அஞ்சாவது கட்டை, ஆட்டோல மடங்கிப் போனது, ஆஸ்பத்திரி பெஞ்சுல அழுதது, எல்லாத்தையும் சொன்னேன். இந்த வேலய விட்டா நான் செத்துருவேன் மொதலாளின்னு சொன்னேன். என் கொரல நானே கேக்கேன், அது என் கொரலு மாதிரியே இல்ல. தொடை ஆடுது, கண்ணுல தண்ணி ஓடுது, ஆனா முதுகு அசையல. தாடையும் உள்ளதான் இருந்துச்சு.

மொதலாளி பையச் சேருக்கு முன்னால வந்து உக்காந்தாவ. அம்மா எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாவ, நின்ன நிப்புலயே குடிச்சேன். மொதலாளி கண்ணாடியத் தேடி எடுத்து மாட்டுனாவ. பொறவு, அப்பா கட்டுன அடுப்புல்லா, அதுல கை வைக்க முடியாதுல, ஆனா நீ கேக்குறதும் நியாயந்தான், ரெண்டு நாள் பொறுன்னாவ. நியாயம்ங்க அந்த வார்த்தைய அவிய வாயில இருந்து நான் அன்னைக்குத்தான் கேட்டேன். வீடு வரைக்கும் ஓடியே வந்தேன்.

ரெண்டு நாளுன்னா ரெண்டு நாளுதான். மூணாம் நாள் மதியம் கடைக்குப் போறேன், கொத்தனாரு கரண்டியக் கழுவிக்கிட்டு இருக்காரு. அடுப்பு அப்பிடியே இருக்கு. கல்லு அப்பிடியே இருக்கு. விரிசல் கூட அப்பிடியே இருக்கு. மொதலாளி என் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி, கீழ பாருங்காவ. நான் நிக்கிற எடத்துல தரையத் தோண்டிட்டாவ தம்பி. சரியா ரெண்டு செங்கல் ஆழம். ரெண்டடிக்கு மூணடி, உள்ள டைல்ஸு ஒட்டி, நாலு மூலையிலயும் மஞ்ச குங்குமம் வச்சு, ஒரு சூடமும் ஏத்தியாச்சு. என்ன மூளை பாருங்க. அப்பா அடுப்பத் தொடவும் இல்ல, என் முதுகும் நேராயிட்டு. எறங்குல பேச்சின்னாவ. வலது கால வச்சு எறங்குனேன்.

எறங்கி நின்னா, கல்லு என் இடுப்புக்கு வந்து நிக்கி. குதிகால் ரெண்டும் தரையில. அன்னைக்கு நான் போட்ட பரோட்டா மாதிரி அதுக்கு முன்னால போட்டதில்ல. குதிகால்ல இருந்து வீசுனேன், மாவு கண்ணாடி மாதிரி விரிஞ்சு அந்தப் பக்கம் நிக்கிறவன் சட்டைக் கலரு தெரியுது. சாப்பிட வந்தவங்க எந்திச்சு வந்து பாக்காவ. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, தனியாச் சிரிச்சுக்கிட்டே நாலு கிலோ மாவு போட்டேன்.

மொதலாளிக்கும் இப்பம் என் மேல தனிப் பிரியம். முந்தியெல்லாம் பேசணும்னா என்ன அண்ணாந்துதான் பாப்பாவ, அதுல அவியளுக்கு ஒரு கடுப்பு இருந்துச்சுன்னு நெனைக்கேன். இப்பம் அந்தத் தொந்தரவு இல்ல. போறப்ப வாரப்ப என் தலையில செல்லமா ஒரு தட்டு தட்டிட்டுப் போறாவ. பத்தொம்பது வருசத்துல இப்பிடித் தொட்டதே இல்ல, கேட்டுக்கிடுங்க. இசக்கியக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. மொதலாளி இப்பம் உங்கள விட ஒசரமான்னு கேட்டா. ஆமா, அதுக்கென்னட்டி, கல்லு சரியா இருக்குல்லான்னேன். வீட்டுக்குப் போயி நான் கேக்காமலே அன்னைக்கு ரெண்டாந்தடவ தைலம் தேய்ச்சு விட்டா.

எப்சிபா மாஸ்டரும் பார்சல் வாங்க வந்தாவ. கல்லாவுக்கு இந்தப் பக்கமா எட்டி, கீழ பாத்தாவ, என்னப் பாத்தாவ, திரும்பக் கீழ பாத்தாவ. மாஸ்டர், கேட்டாச்சு, கெடச்சாச்சுன்னேன். அவிய உதட்டக் கடிச்சுக்கிட்டு, முதுகு நேரா இருக்கு அண்ணாச்சின்னு மட்டும் சொன்னாவ. பார்சல மறந்து வச்சுட்டுப் போயிட்டாவ, பொறவு சப்ளையருதான் ஓடிக் கொண்டு குடுத்தாரு.

நேத்து எனக்கு மட்டும் தனியாப் பரீட்ச. அதே மதுரை மாஸ்டர். எறங்கி நின்னேன். அஞ்சு நிமிசம். முன்னால வந்து தோளுல கைய வச்சுத் தள்ளுனாரு. பின்னால போயித் தள்ளுனாரு. கடைசியில தன் செருப்பக் கழத்திப் போட்டுட்டு, தம் கட்டி, ரெண்டு கையாலயும் தள்ளுனாரு. நான் அசையல தம்பி. அவருதான் ஒரு எட்டு பின்னால போனாரு. நாப்பது புள்ளையளும் ஓன்னு கத்துது. அந்த மனுசன் சிரிச்சாரு, நெத்திச் சுருக்கத்துல ஒண்ணு காணாமப் போச்சு. எப்சிபா மாஸ்டர் பெல்ட்டக் கட்டி விடும்போது எனக்குக் கண்ணெல்லாம் ஒரே மஞ்சளாத் தெரிஞ்சுது.

ஒரே ஒரு சின்னக் கொறைதான். கடையக் கழுவி விடுறாங்கல்லா, அந்தத் தண்ணி மொத்தமும் உருண்டு என் பள்ளத்துக்குத்தான் வருது. டேபிள் தொடச்ச தண்ணி, எலை கழுவுன தண்ணி, எல்லாம். கணுக்கால் வரைக்கும் நிக்கும். டைல்ஸு வேற, அதனால உறிஞ்சவும் செய்யாது. ஒரு ஓட்டையப் போட்டு வெளி வாய்க்காலுக்கு ஒரு குழாய் விட்டாப் போதும், அரை நாள் வேல. மொதலாளிகிட்டக் கேக்கணும். அதுக்கு இன்னொரு பெல்ட்டு வேணும்லா. நேத்தே எப்சிபா மாஸ்டர்கிட்ட, அடுத்த பெல்ட்டு எப்பம்னு விசாரிச்சேன். ஆறு மாசம் ஆவும்னாவ. ஆவட்டுமே. ஆறு மாசம் தண்ணியில நின்னா என்ன தம்பி, நிமிந்துல்லா நிக்கேன்.